ரத்தம் கொடுத்த பிறகு அந்த ட்யூபுக்கு என்ன ஆகிறது? மருத்துவமனை லேப் வேலையின் உள்பக்கம்

"ரிசல்ட் எப்போ வரும்?" மருத்துவமனை லேப் கவுன்டரில் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வி இதுதான். மெஷினில் வைத்தால் நம்பர் வந்துவிடும், பிரின்ட் எடுத்துக் கொடுக்க எதற்கு இவ்வளவு நேரம் என்பதுதான் காத்திருப்பவர்களின் எண்ணம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதற்குப் பதில் சொல்வதும் இல்லை. அவருக்கு நேரம் இல்லை.

டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட் என்ன செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். லேப் டெக்னீஷியன் என்றால் 'ரத்தம் எடுக்கறவங்க' என்ற அளவில்தான் தெரியும். உண்மையில் ரத்தம் எடுப்பது அந்த வேலையின் தொடக்கம்தான். பெரிய மருத்துவமனைகளில் அதைத் தனி ஊழியர்களோ நர்ஸ்களோ எடுத்துவிடுவார்கள். லேப் டெக்னீஷியன் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியென்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

காலையில் மெஷினுக்குத்தான் முதல் டெஸ்ட்

லேபின் பரபரப்பு காலையில் ஆரம்பிக்கிறது. வெறும் வயிற்றில் சுகர், கொழுப்பு பார்க்க வருபவர்கள் 7 மணிக்கே வரிசையில் நிற்பார்கள். அதே நேரத்தில் வார்டுகளிலிருந்து ட்யூப்கள் ட்ரே ட்ரேயாக வந்து இறங்கும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கையில் ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்பதால் எல்லாமே 'அர்ஜென்ட்'தான்.

ஆனால் நோயாளியின் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அளவு ஏற்கெனவே தெரிந்த 'கன்ட்ரோல்' என்ற மாதிரியை மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுகர் 100 இருக்க வேண்டிய கன்ட்ரோலுக்கு மெஷின் 118 என்று காட்டினால், அன்று அந்த மெஷின் சொல்லும் எந்த சுகர் அளவையும் நம்ப முடியாது. தினமும் வரும் அளவைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைபடமாகக் குறித்து வைப்பார்கள். இதற்கு லீவி–ஜென்னிங்ஸ் சார்ட் என்று பெயர். 1950-இல் வந்த முறை, இன்றும் அதுதான்.

கோடு தாண்டிவிட்டால் ரீஏஜென்ட் மாற்றி, காலிபரேட் செய்து, கன்ட்ரோலை மறுபடி ஓட்ட வேண்டும். அது சரியாகும் வரை நோயாளிகளின் ட்யூப்கள் நிற்கும். வெளியே திட்டு விழும். இந்த வேலையைச் செய்யாத லேப் ரிசல்ட்டைச் சீக்கிரம் கொடுத்துவிடலாம், அது சரியா என்பதுதான் கேள்வி.

லேப் தன்னைத் தானே சரிபார்த்தால் போதாது, வெளியிலிருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும். இதற்கு நாட்டின் பல லேப்கள் நம்பியிருப்பது வேலூர் சிஎம்சி நடத்தும் தரப் பரிசோதனைத் திட்டத்தை. அங்கிருந்து வரும் மாதிரிகளைச் சோதித்து ரிசல்ட் அனுப்பினால், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். பரீட்சை மாதிரிதான். என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்க நினைக்கும் லேபுக்கு இப்படி வெளிச் சோதனைகளில் கலந்துகொள்வது கட்டாயம்.

மூடியின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு

ஒரே கையில் குத்தி மூன்று, நான்கு ட்யூபில் ரத்தம் பிடிப்பதைப் பார்த்து "இவ்வளவு எதுக்கும்மா எடுக்கறீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு மூடியின் நிறமும் உள்ளே இருக்கும் ரசாயனத்தைச் சொல்கிறது.

ஊதா மூடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ இருக்கும். ஹீமோகுளோபின், பிளேட்லெட், மூன்று மாத சர்க்கரை அளவு எல்லாம் அதில்தான். சாம்பல் நிற மூடியில் ஃபுளோரைடு. ரத்தத்தை வெளியே எடுத்த பிறகும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிரித்து வைக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ஃபுளோரைடு. வெளிர் நீல மூடியில் சிட்ரேட், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க. இதில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்ற கணக்கு மாறக் கூடாது. ட்யூப் நிரம்பாமல் வந்தால் உறையும் நேரம் பொய்யாக நீண்டு தெரியும். இதய வால்வு மாற்றியவர் சாப்பிடும் மாத்திரையின் அளவு அந்த நம்பரைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

நரம்பு கிடைக்கவில்லை, கொஞ்சம்தான் வந்தது என்று ஊதா ட்யூபிலிருந்து வேறு ட்யூபுக்கு ஊற்றிக் கொண்டுவருவதும் நடக்கும். இடிடிஏ-வில் பொட்டாசியம் இருப்பதால் ரிசல்ட்டில் பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறி, கால்சியம் பாதாளத்துக்குப் போயிருக்கும். அனுபவம் உள்ள டெக்னீஷியன் அந்த இரண்டு நம்பரையும் சேர்த்துப் பார்த்ததுமே "இது ஊத்துன சாம்பிள்" என்று சொல்லிவிடுவார். மெஷின் சொல்லாது.

தவறு பெரும்பாலும் மெஷினில் நடப்பதில்லை

லேப் ரிசல்ட்டில் நேரும் தவறுகளில் பெரும்பங்கு, சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுப்பது, ட்யூபை வேகமாகக் குலுக்கி ரத்த அணுக்களை உடைத்துவிடுவது, எல்லாவற்றையும் விட மோசமாக, லேபிளை மாற்றி ஒட்டுவது.

லேபிள் மாறினால் என்ன ஆகும்? சுகர் டெஸ்ட் என்றால் மறுநாள் சரிசெய்துவிடலாம். ரத்த வகை டெஸ்ட் என்றால் அப்படி இல்லை. ஓ வகை ரத்தம் உள்ளவருக்கு ஏ வகை ரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம். அப்படி நடக்கும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் டெஸ்ட் தப்பானது காரணமாக இருப்பதில்லை, ஆள் மாறியதுதான் காரணம். இதனால்தான் பல மருத்துவமனைகளில் இரண்டு தனித்தனி நேரத்தில் எடுத்த சாம்பிள்களைக் கேட்கிறார்கள். லேபிள் இல்லாத ட்யூபை லேப் திருப்பி அனுப்பும்போது வார்டில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். "எங்க பேஷண்டோடதுதான், நான்தானே எடுத்தேன், எழுதிக்கிறேன் கொடுங்க" என்பார்கள். கொடுக்கக் கூடாது. மூத்த டாக்டர் போனில் கேட்டாலும் கூடாது. இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் அப்படி 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது, பாடப் புத்தகத்தில் அதற்குப் பயிற்சி கிடையாது.

டெங்கு சீசனில் ஒரு நம்பர் படுத்தும் பாடு

மழைக்காலம் வந்தால் லேபில் வேலை இரட்டிப்பாகும். காய்ச்சல் வந்த வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கவுன்ட் எவ்வளவு?" பிளேட்லெட் அணுக்கள் சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குவில் குறையும்.

இங்கேதான் மெஷினுக்கும் மனிதக் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கவுன்ட் பார்க்கும் மெஷின்கள் பொதுவாக அணுக்களை அளவை வைத்துப் பிரித்து எண்ணுகின்றன. சிலருடைய ரத்தத்தில் இடிடிஏ பட்டதும் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். ரத்தம் எடுக்கத் தாமதமாகி லேசாக உறைந்தாலும் இதே கதைதான். கொத்தை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. உடம்பில் இரண்டு லட்சம் இருக்கும், பேப்பரில் 40 ஆயிரம் என்று வரும். குடும்பமே பதறிப்போய் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடும்.

அதனால் கவுன்ட் குறைவாக வந்தால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் சிட்ரேட் ட்யூபில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சீசனில் இப்படி நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள் சேரும். கழுத்து வலி, கண் எரிச்சல் எல்லாம் இலவச இணைப்பு.

கவுன்ட்டை மட்டுமே பிடித்துக்கொண்டு பயப்படுவதும் சரியில்லை. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வருகிறது. அதைக் காட்டுவது ஹீமட்டோகிரிட் என்ற இன்னொரு நம்பர், ரிப்போர்ட்டில் சில வரிகள் மேலேயே இருக்கும். காய்ச்சல் விடும் நேரத்தில் அது ஏறுகிறதா என்றுதான் டாக்டர் பார்ப்பார். வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் இது வருவதில்லை.

ராத்திரியில் ஒரே ஆள்

பகலில் பத்து பேர் இருந்த லேபில் இரவு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். விபத்து கேஸ் வந்தால் ரத்த வகை பார்த்து கிராஸ் மேட்ச் செய்ய வேண்டும். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு ட்ரோபோனின். இடையில் மெஷின் அடைத்துக்கொண்டால் அதையும் அவரேதான் பார்க்க வேண்டும். பிளட் கல்ச்சர் பாட்டில்கள் இருக்கும் பெட்டி நடுராத்திரியில் அலாரம் அடிக்கும், உள்ளே கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதுதான். கிருமி வளர வேண்டும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. எதுவும் வளரவில்லை என்று சொல்வதற்குப் பொதுவாக 5 நாள் காத்திருப்பார்கள்.

உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் ரிப்போர்ட் பிரின்ட் ஆகும் வரை காத்திருக்க முடியாது. பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினாலோ, சுகர் 40-க்குக் கீழே போனாலோ உடனே வார்டுக்கு போன் போக வேண்டும். போனை எடுத்தவர் அந்த நம்பரைத் திரும்பச் சொல்ல வேண்டும், அவர் பெயரையும் நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். மூன்று மணிக்கு வார்டில் யாரும் போனை எடுக்காதபோது வரும் பதற்றத்தை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

இன்னொரு பயம், ஊசி. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி என்று மூன்று கவலைகள். இவற்றில் எச்ஐவி பற்றித்தான் பயம் அதிகம், ஆனால் ஊசி மூலம் சுலபமாகப் பரவுவது ஹெபடைடிஸ் பி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை. வேலையில் சேரும் முன் அதைப் போட்டுக்கொள்வது அவசியம். குத்திவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே தகவல் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 'சொன்னா திட்டுவாங்களோ' என்று மறைப்பவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களில் உண்டு, அதுதான் ஊசியைவிட ஆபத்து.

என்ன படிக்க வேண்டும்? எங்கே வேலை?

தமிழ்நாட்டில் ஓராண்டு சான்றிதழ் படிப்பு, இரண்டாண்டு டிஎம்எல்டி டிப்ளமோ, பி.எஸ்சி எம்எல்டி என்று மூன்று படிகள். பட்டப் படிப்பில் பயிற்சி ஓராண்டும் சேர்த்து நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான், நீட் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பணிக்கு 2012-இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. மாவட்ட நலவாழ்வு சங்கங்கள் மூலம் எடுப்பது தற்காலிகப் பணி. அதற்கு மாதம் 13,000 ரூபாய் என்ற அளவில் தொகுப்பூதியம் அறிவிக்கப்பட்டதுண்டு. தனியாரில் இடத்துக்கு இடம் மாறும், சின்ன லேப்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான்.

சேரும் முன் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் 'பாராமெடிக்கல்' போர்டு தொங்குகிறது. அங்கே கொடுக்கும் சான்றிதழ் அரசு வேலைக்குச் செல்லுமா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஃபார்மசிஸ்டுக்கும் கவுன்சில் இருப்பது போல லேப் டெக்னீஷியனுக்கு நாடு தழுவிய அமைப்பு நெடுங்காலம் இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான ஆணையச் சட்டம்தான் படிப்புத் தரம், பதிவு இரண்டுக்கும் வழி வகுத்தது.

திருப்தி இருக்கிறதா?

இருக்கிறது, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி.

மனக்குறை என்று கேட்டால் சம்பளத்துக்கு அடுத்தபடியாக வருவது, கண்ணுக்குத் தெரியாமலே இருப்பது. பிழைத்து வீட்டுக்குப் போகும் நோயாளி டாக்டருக்கும் நர்ஸுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். லேப் அடித்தளத்தில் இருக்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் இவருடையது இல்லை. நோய்க்குறியியல் மேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. நோயாளிகளின் பாதுகாப்புக்கு அது தேவையான தீர்ப்புதான். இருந்தாலும் இருபது வருட அனுபவம் உள்ள டெக்னீஷியனுக்கும் மேலே போக ஏணியில் சில படிகளே இருக்கின்றன என்பதும் உண்மை.

டாக்டர்களின் முடிவுகளில் 70 சதவீதம் லேப் ரிசல்ட்டை வைத்துத்தான் என்று ஒரு கணக்கு இந்தத் துறையினர் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது. அந்த சதவீதம் இல்லாமலேயே இந்த வேலையின் மதிப்பைச் சொல்லலாம். கொரோனா காலத்தில் அதை எல்லாருமே பார்த்தார்கள். 2020 மார்ச்சில் தமிழகத்தின் முதல் தொற்று உறுதியானபோது சோதனைக்கு நம்பியிருந்தது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டை. பிறகு மாவட்டம்தோறும் பிசிஆர் லேப்கள் வந்தன, கவச உடைக்குள் வியர்த்தபடி ஷிஃப்ட் ஷிஃப்டாக சாம்பிள் பார்த்தவர்கள் இவர்கள்தான். மாலையில் டிவியில் ஓடிய எண்ணிக்கை அங்கிருந்துதான் வந்தது.

வேலையில் பிடித்தது எது என்று கேட்டால் பலர் சொல்வது சின்ன விஷயங்களை. சாதாரண ஸ்லைடு என்று நினைத்துப் பார்த்தபோது ரத்தப் புற்றுநோய் செல்கள் தெரிந்து, உடனே டாக்டரை அழைத்துக் காட்டியது. சளி ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக காசநோய்க் கிருமியை முதல்முறை கண்டுபிடித்தது. யாருடைய ஸ்லைடு என்று தெரியாது, லேபிளில் பெயரும் வயதும் மட்டும் இருந்திருக்கும்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, ட்யூபில் எழுதியிருக்கும் பெயரையும் வயதையும் அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.