தாத்தாவோட நாட்டுத் துப்பாக்கியும் தேஞ்சுபோன கொக்கியும்

போன வாரம் என் தம்பி பையன் செல்போன்ல ஒரு பழைய வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கியைக் காட்டி, "பெரியப்பா, இதுல ரெண்டு விசை இருக்குது பாருங்க, எதுக்கு?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வெச்சது.

ஜெர்மனிப் பக்கத்து வேட்டைக்காரங்களும், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவங்களும் வெச்சிருந்த வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி அது. ஒரு விசையை இழுத்தா உள்ள தனியா ஒரு சின்ன வில்லு இறுகி நிக்கும். அப்புறம் அடுத்த விசையை லேசா தொட்டாப் போதும், அந்த வில்லு கொக்கியைத் தட்டி விட்டுடும். கை ஆடாம குறி பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

நம்ம பாரமகால் சீமைக்கும் துப்பாக்கி புதுசில்லை. திப்பு சுல்தான் கையில இருந்த இந்த மண்ணு 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல கம்பெனிக்குப் போச்சு. ரீடும் மன்றோவும் நிலம் அளந்த காலத்துல திரி வெச்சுக் கொளுத்துற துப்பாக்கியும், சிக்கிமுக்கிக் கல்லு தட்டுற துப்பாக்கியும்தான். கேப்பு வெச்சு அடிக்கிறது அதுக்கப்புறம் வந்தது. 1878-ல லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தாரு. நம்ம ஜனங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல போட்டு 1962-ல நடைமுறைக்கு வந்த சட்டம், பயிர்க் காவலுக்குன்னு வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வழி வெச்சது.

எங்க தாத்தா வெச்சிருந்தது அப்படி ஒண்ணு. பென்னாகரம் பக்கம் காட்டோரத்துல ராகி, நிலக்கடலை, குச்சிக்கிழங்கு வெச்சவங்களுக்குக் காட்டுப்பன்னி என்ன செய்யும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா பரண்ல உக்காந்து வெறும் மருந்து மட்டும் போட்டு வெடிப்பாரு, சத்தத்துக்கே பன்னி ஓடிடும்.

நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரே விசைதான். குதிரையைப் பின்னால இழுத்தா வில்லு இறுகும், ஒரு கொக்கி பல்லுல மாட்டிப் பிடிச்சுக்கும். பாதி இழுத்து நிறுத்த ஒரு பல்லு, முழுசா இழுக்க ஒரு பல்லு. பாதியில நிறுத்தினா வெடிக்காதுன்னு நம்பிக்கை.

எனக்குப் பத்து வயசு இருக்கும். விசை இறுக்கமா இருக்குதுன்னு தாத்தா ஒரு கொல்லாசாரிகிட்ட கொடுத்தாரு. அவரு பல்லை அரத்தால ராவிக் கொடுத்தாரு. அருமையா இழுக்குதுன்னு எல்லாரும் பாராட்டினாங்க. அங்கதான் தப்பு. அந்தப் பல்லுக்கு மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தின இரும்பு. தோலை ராவி எடுத்துட்டா உள்ள மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் தேஞ்சுடும். ரெண்டு விசைத் துப்பாக்கி தொட்டா வெடிக்கிறது செய்நேர்த்தி. எங்க துப்பாக்கி தொட்டா வெடிச்சது நோய்.

ஒரு ராத்திரி பன்னியை விரட்டக் குண்டு போட்டுக் கெட்டிச்சு, குதிரையைப் பாதியில நிறுத்திக் கட்டிலோரம் சாய்ச்சு வெச்சாரு. நாய் ஓடிவந்து மோதிச்சு. துப்பாக்கி விழுந்தது, வெடிச்சது. வாசல்ல கட்டியிருந்த எங்க செவலை எருது அங்கயே சாஞ்சிடுச்சு. அதுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கை தூரம்தான்.

தாத்தா அன்னிக்கு அழுததை அதுக்கு முன்னயும் பார்க்கல, பின்னயும் பார்க்கல. ஆசாரியைத் திட்டல. "நான்தான் கேட்டேன்"னு மட்டும் சொன்னாரு. மறுவாரமே துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வந்துட்டாரு. ரிப்பேர் செய்யறதுக்குக்கூட சட்டப்படி லைசென்ஸ் வேணும்ங்கறது எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

2014-ல காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வந்துடுச்சு. பன்னி இன்னும் வருது. நான் தகரம் தட்டறேன், பட்டாசு வெடிக்கிறேன், பாதி ராத்திரி தூக்கம் போகுது. நஷ்டம்தான், மறைக்கல. ஆனாலும் லைசென்ஸ் இல்லாம கூரையில செருகி வெச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்றேன். அதோட பல்லு எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு வெளியே இருந்து பார்த்தா தெரியாது. ஒப்படைச்சுடுங்க. பயிர் போனா அடுத்த பட்டம் இருக்குது.

தம்பி பையன்கிட்ட இதைத்தான் சொன்னேன். செல்போனை மூடிட்டு, "எருது பேரு என்ன பெரியப்பா?"ன்னு கேட்டான். ராமன்னு சொன்னேன்.