உம்மம்மாவின் முழங்காலும் இப்னு சீனாவும்

முழங்கால் மூட்டு மாற்றி உம்மம்மா வீட்டுக்கு வந்த முதல் கிழமை. சுகம் விசாரிக்க வந்த மாமிமார் சொன்னது ஒண்டுதான்: "அசையாமக் கிடங்க, புண் ஆறட்டும்." வார்டில பிசியோதெரபி செய்தவர் சொல்லி அனுப்பினது நேரெதிர்: "வலிச்சாலும் எழும்பி நடங்க." உம்மம்மா மாமிமார் பக்கம். கட்டிலை விட்டு இறங்கவே இல்ல. யார் சொன்னது சரி எண்டு தேடப்போய்த்தான் இந்த வரலாறு கிடைச்சது.

மருந்தில்லாமல் வலியைத் தணிக்கும் முயற்சி, மூட்டு மாற்றுவதை விட மிகப் பழசு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோம வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், கால் மூட்டு வலிக்காரரைக் கடற்கரை ஈரத்தில் நிற்கவைத்து, உயிருள்ள மின்திருக்கையைப் பாதத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். முழங்கால் வரை மரத்துப்போகும் வரை! 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா தன் 'அல்-கானூன்' நூலில் பனியையும் குளிர்நீரையும் வலி மரக்கச் செய்பவையாக எழுதினார். மெதுவான நீண்ட நடை, இனிய இசை, மனதை வேறொன்றில் ஈடுபடுத்துவது என்பவற்றையும் சேர்த்தார்.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோகிளஸ் குளுக் யானைத் தந்தத்தால் முழங்கால் மூட்டுச் செய்து பொருத்தினார். கிருமித்தொற்று அந்த முயற்சியைத் தோற்கடித்தது. 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லியின் இடுப்பு மூட்டு வெற்றி பெற்றது. ஆனால் அன்றைய நோயாளிகள் வாரக் கணக்கில் கட்டிலில் கிடந்தார்கள். ஆக, எங்கட மாமிமார் சொன்னது மூடநம்பிக்கை இல்ல. அறுபது வருசத்துக்கு முந்தின டாக்டர்மாரின் புத்திமதி அது.

1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் 'வாயில் கோட்பாட்டை' முன்வைத்தார்கள். எங்கயாச்சும் இடிச்சா உடனே கை அந்த இடத்தைத் தடவுதே, ஏன்? தொடுகையின் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் வலியின் வாயிலைச் சாத்துகிறது என்றார்கள். 1967இல் வோலும் ஸ்வீட்டும் மெல்லிய மின்சாரத்தால் அதைச் சோதித்தார்கள். மின்திருக்கை பெட்டிக்குள் புகுந்த கதை அது.

1970களில் டொரொன்டோவின் ரொபர்ட் சோல்டர், மூட்டுக்கு அசைவுதான் நல்லது என்று வாதிட்டார். காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் அதிலிருந்து வந்தது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், சத்திரசிகிச்சை முடிந்தவரைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிட்டார். இன்று பல இடங்களில் அதே நாளோ மறுநாளோ நடை தொடங்குகிறது.

2017இல் முழங்கால் மாற்றியவர்கள் பற்றிய 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மின்தூண்டலும் அக்குபஞ்சரும் கடும் வலிமருந்தின் தேவையைக் கொஞ்சம் குறைத்தன. ஐஸுக்குச் சான்று மெலிசு. கால் மடக்கும் இயந்திரம் வலிக்கு உதவவில்லை.

இதையெல்லாம் உம்மம்மாவுக்குச் சொன்னேன். இப்னு சீனா பேர் வந்ததும் காது கொடுத்தா. மீன்பெட்டி நிறைஞ்ச எங்கட கல்முனைக் கரையில ஐஸுக்குப் பஞ்சமா? துவாயில் சுற்றி இருபது நிமிசம் வைத்தோம். டாக்டர் தந்த குளிசையை நிறுத்தவில்லை. ஆறாத புண்ணில் எண்ணெய் தேய்க்க விடவில்லை. கெண்டைக்கால் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி எண்டு முடிவெடுத்தோம்.

தொழுகை கதிரையிலதான். ஆனா ஒளு எடுக்க ஐந்து வக்துக்கும் வோக்கரோட பைப்படிக்கு நடந்தா. போக இருபது எட்டு, வர இருபது எட்டு. மாமிமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாங்க.