நடவு நாட்காட்டியும் வடகிழக்குப் பருவமழையும்

1950இல் அன்றைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் கொண்டாடப்படுகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் வட, மத்திய இந்தியாவுக்கு அந்தக் காலம் பொருத்தமானதே. தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளிக்கு அது பொருந்தாது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தென்மேற்குப் பருவம் தருவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே. அப்படியிருக்க, ஜூலையில் கன்று நட்டுவிட்டு லாரித் தண்ணீரை எதிர்பார்ப்பது வீண் செலவு. இங்கே மரநடவை ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்காலத்துக்கு மாற்றுவதே முறை.

பையைக் கிழித்து நட்ட கன்றின் வேர், முதல் சில வாரங்களுக்குத் தன்னோடு வந்த மண்கட்டியைத் தாண்டிப் பெரிதாகப் பரவுவதில்லை. இலைகளோ நட்ட கணத்திலிருந்தே நீரை வெளியேற்றுகின்றன. இந்த வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறையில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. ஆடி மாதத்தில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே வீசும் பலத்த காற்று இலையின் நீரிழப்பைக் கூட்டி, குழியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. கூதிரில் வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், மண்ணின் வெதுவெதுப்பு மட்டும் குறையாது. வேர் வளர மூன்றும் துணை. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் மரம் நடுவதற்கும் காரணம் இதுவே: இலையின் தேவை குறைந்த பின்னும் மண் சில வாரம் வேரை வளர்க்கிறது.

ஜூலையில் நட்டால் இரு பருவமழையும் கிடைக்குமே என்பர். பிழைத்த கன்றுக்கு அது உண்மையே. ஆனால் முதல் மூன்று மாதம் யார் நீர் ஊற்றுவது என்பதற்கு அதில் விடையில்லை. புயலைக் காட்டி மறுப்பது இன்னும் வலுவான வாதம். 2016 டிசம்பரில் வர்தாவும் 2018 நவம்பரில் கஜாவும் எத்தனையோ மரங்களைச் சாய்த்தன. சாய்ந்தவை உயர்ந்து வளர்ந்த மரங்கள். முழங்கால் உயரக் கன்றின்மேல் காற்றின் பிடி குறைவு. அதற்கு உண்மையான ஆபத்து தேங்கும் நீர். டெல்டாவின் களிமண்ணில் குழிக்குள் நடாமல் மேட்டில் நட வேண்டும் என்பதை இந்த வாதத்தோடு சேர்த்தே சொல்லியாக வேண்டும். கூடலூர், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கோ ஜூன் மாதமே சரி. ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒரே தேதி வைப்பதுதான் பிழை.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழியை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது விதைப்பைப் பற்றியது. இலைவிட்ட கன்றைப் பிடுங்கி நடுவதைப் பற்றியதன்று. நாற்றங்காலுக்கு அது மிகவும் பொருந்தும். வேம்பு கோடையின் பிற்பகுதியில் பழுக்கிறது. அதன் விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆடியில் பையில் ஊன்றினால் ஐப்பசிக் கடைசியில் மூன்று மாதக் கன்று கிடைக்கும். ஜூலைக்கென வளர்த்து, நடாமல் அக்டோபர் வரை வைத்திருக்கும் கன்றிலோ வேர் பையின் அடியில் வளையமாகச் சுருண்டுவிடும். அதை அப்படியே நட்டால் மழை இருந்தும் வேர் ஆழம் போகாது. எனவே நடவுத் தேதியை மாற்றும் ஆணை முதலில் போக வேண்டிய இடம் நாற்றங்கால். புரட்டாசிக்குள் குழி எடுத்து மண்ணை ஆறவிடுவது அதற்கு அடுத்த வேலை.