நோயாளரின் பாதுகாவலரான இரு படைவீரர்கள்

நமது பங்கிலிருந்து இராணுவத்திற்குச் சென்று ஓய்வுபெற்றுத் திரும்பியோர் பலர். இந்த ஜூபிலி மலரில் அவர்களையும் அவர்தம் குடும்பங்களையும் எண்ணி, திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டுகிறோம்.

1886-ல் திருத்தந்தை 13-ம் சிங்கராயர் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக இரு புனிதர்களை அறிவித்தார். ஒருவர் கமில்லஸ் தெ லெல்லிஸ். மற்றவர் இறை அருளப்பர். இருவருமே முன்னாள் படைவீரர்கள்!

கமில்லஸ் 1550-ல் இத்தாலியில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை போர்வீரர்; பாசறைகளிலேயே காலம் கழித்தவர். வயது முதிர்ந்த தாய் தனியே பிள்ளையை வளர்த்து, அவன் சிறுவனாயிருக்கையிலேயே கண்மூடினாள். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து வாளும் சூதாட்டமுமே. படைவீரனின் வாழ்வு வீட்டாரை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வெனிஸ் நாட்டுப் படையில் கமில்லஸ் துருக்கியருக்கு எதிராகப் பணியாற்றினார். அவர் காலில் உண்டான புண் சாகும்வரை ஆறவில்லை. 1574-ல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர், நேப்பிள்சில் சூதாடி உடுத்திய சட்டையையும் இழந்தார். கப்புச்சின் மடம் ஒன்றின் கட்டட வேலையில் கூலியாளாய்ச் சேர்ந்தார். அங்கிருக்கையில், 1575 பிப்ரவரி 2-ம் நாள் மனந்திரும்பினார். துறவியாக விரும்பியும் காலின் புண் தடுத்தது. உரோமையில் தீராநோயாளருக்கான புனித யாகப்பர் மருத்துவமனைக்கே மீண்டும் சென்றார். நோயாளியாய்ப் போன அவரே பின்னர் அதன் கண்காணிப்பாளரானார். கூலிக்கு வேலை செய்தோர் நோயாளரைப் புறக்கணித்தது கண்டு மனம் பொறாமல், 1582-ல் அன்பிற்காகவே ஊழியம் செய்வோரைத் திரட்ட எண்ணினார். 1586-ல் 5-ம் சிக்ஸ்துஸ் இவர்களுக்கு ஒப்புதல் அளித்து, அங்கியில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். (ஜெனீவாவின் செஞ்சிலுவைச் சங்கம் இதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிந்தியது.) 1595-ல் கமில்லசின் துறவிகள் படைகளோடு ஹங்கேரிக்குச் சென்று காயமுற்றோரைப் பேணினர்.

அருளப்பரின் கதை வேறு. போர்ச்சுக்கல் நாட்டினரான அவர், ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படையில் இருந்தவர். பின்னர் கிரனாதா நகரில் ஒரு மறையுரை கேட்டு, தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் அலறினார். பித்தன் என்று மருத்துவமனையில் கட்டிவைத்து அடித்தார்கள்; அக்கால வைத்தியம் அது! போரின் நினைவுகள்தாம் காரணம் என்று நாம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வெளியே வந்தபின் தாமே நோயாளருக்கு இல்லம் தொடங்கினார்.

போர் முடிந்தும் மனத்தில் முடியாத அதிர்ச்சியை, வியட்நாம் போருக்குப்பின் 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தனர். உறக்கமின்மை, திடீர்க் கோபம், குடி ஆகியவற்றை அதுவரை குணக்கேடு என்றே பலரும் நினைத்தார்கள். வீட்டுப் பெண்கள் அதைச் சகித்தார்கள்.

நம் நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. ஓய்வூதியம் பெறுவோரும், வாழ்க்கைத்துணையும், அவரைச் சார்ந்தோரும், குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்களும் இதில் சேரலாம். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் மாலைப் பூசைக்குப்பின் பங்கு இல்லத்திற்கு வரலாம்.