கர்ப்பிணியும் மாத்திரையும்: ஓர் அச்சத்தின் வரலாறு



கர்ப்பமாக இருக்கும் பெண் மாத்திரை சாப்பிடலாமா என்று நம் தோட்டப்புறத்தில் கேட்டுப் பாருங்கள். "வேண்டவே வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டுப் பெண் வரை ஒரே குரலில் சொல்வார்கள். அந்த மாத்திரை மனச்சோர்வுக்கு உரியது என்று தெரிந்துவிட்டாலோ, குரல் தாழ்ந்து கிசுகிசுப்பாகிவிடும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று அழகான பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியும் என்ன பயன்? அந்த ஊரின் பெயரே நம்மிடையே ஏச்சுச் சொல்லாக நிலைத்துவிட்டது. ஆகவே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு வரும் பெண், தான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும், தாதியிடமும் சொல்லாமல், கணவனிடமும் சொல்லாமல் மாத்திரைகளைக் கொட்டிவிடுகிறாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நினைக்கிறாள்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. நான் மருத்துவன் அல்லேன். பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடம் நடத்துகிறவன். யார் எந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது என் வேலையும் அன்று. அந்த வரலாற்றை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மனச்சோர்வு மருந்துகளின் கதை ஒரு காசநோய் மருத்துவமனையில் தொடங்குகிறது. 1952ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில், ஐப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சோர்ந்து படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கூடிப் பேசிச் சிரித்தார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனத்தையும் தொட்டுவிட்டது! 1957இல் நேத்தன் கிளைன் என்ற மருத்துவர் அதையே மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார். ஆயினும் அது கல்லீரலைக் கெடுத்ததால் சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கைவிடப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள மின்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர் பணிபுரிந்தார். பாசல் நகரத்துக் கெய்கி நிறுவனம் அனுப்பிய மருந்து ஒன்றை அவர் வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார், பயன் இல்லை. 1956இல் அதையே கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்களில் பலர் தெளிவடைந்தார்கள். 1957இல் அவர் இதை வெளியிட்டார். அந்த மருந்துதான் இமிப்ரமின். அந்நாளில் நோயாளிகளின் சம்மதத்தை முறையாகப் பெறாமலே அங்கே பல மருந்துகள் சோதிக்கப்பட்டன என்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. நல்ல மருந்தின் பிறப்பிலும் இப்படி ஒரு கறை உண்டு.

அந்த 1957ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் இன்னொரு மாத்திரை கடைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது, மசக்கை வாந்திக்கும் நல்லது, கர்ப்பிணிகளுக்கும் கெடுதல் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமலே அதை வாங்க முடிந்தது. அதன் பெயர் தாலிடோமைட். கைகால்கள் குறுகியோ, அறவே இல்லாமலோ குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. தோளிலிருந்தே விரல்கள் முளைத்த குழந்தைகளும் உண்டு. கண், காது, இருதயம் பழுதுபட்டவையும் உண்டு. 1961 நவம்பரில் ஹம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், தாய்மார்களை ஒவ்வொருவராக விசாரித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அம்மாதக் கடைசியில் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் பிரசவ மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் எழுதிய சிறு கடிதம் ஒன்று 'லான்செட்' என்ற ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அவரும் அதே மாத்திரையைத்தான் சுட்டிக் காட்டியிருந்தார். இந்த மெக்பிரைட்டின் பெயரையும் நினைவில் வையுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். கரு தரித்த ஏறக்குறைய 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரைதான் அந்த மருந்தின் கொடுமை நடந்தது. தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாள்கள் அவை! ஒரே ஒரு மாத்திரையும் போதுமானதாக இருந்தது. நச்சுக்கொடி ஒரு மதில்போல் நின்று பிள்ளையைக் காக்கும் என்று அதுவரை பல மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை அன்றோடு இடிந்தது.

அமெரிக்கா பெருமளவில் தப்பித்தது ஒரு பெண்மணியால். பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் அரசு அலுவலகத்தில் 1960இல்தான் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் அவர் மேசைக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று தாலிடோமைட். "சான்று போதாது" என்று திருப்பினார். நிறுவனம் மறுபடி மறுபடி நெருக்கியது. அவர் அசையவில்லை. 1962இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்கு விருது அளித்தார். அதே ஆண்டு அக்டோபரில் மருந்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறுவனத்தின் நெருக்கடிக்கு அஞ்சாமல், 'போதாது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மையாரை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லத் தவறுவதில்லை.

ஆக, நம் பாட்டிமார் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

1972இல் சிட்னியிலிருந்து மெக்பிரைட் மறுபடியும் ஒரு கடிதம் எழுதினார். இம்முறை அவர் குற்றம் சாட்டியது மனச்சோர்வு மருந்தாகிய இமிப்ரமினை. கைகால் ஊனத்துக்கு அதுவும் காரணம் என்றார். தாலிடோமைட்டைக் காட்டிக் கொடுத்தவர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? செய்தித்தாள்கள் பரபரத்தன. இமிப்ரமின் சாப்பிட்டுக் கொண்டிருந்த கர்ப்பிணிகளின் நெஞ்சம் எப்படிப் பதறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அவர் கையில் இருந்தவை மிகச் சில குழந்தைகளின் விவரங்களே. ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் குழு விசாரித்தது. மற்ற நாடுகளிலும் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அவர் கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மெக்பிரைட் அதோடு நிற்கவும் இல்லை. மசக்கை வாந்திக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்த பெண்டெக்டின் என்ற மருந்துக்கு எதிராக வழக்குகளில் சாட்சி சொன்னார். அந்த மருந்தில் குற்றம் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் வழக்குச் செலவு தாங்காமல் 1983இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கடும் வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகள் அதிகரித்தார்கள். வேறொரு மருந்தைப் பற்றிய முயல் சோதனையில் மெக்பிரைட் கணக்குகளைத் திரித்து எழுதினார் என்பது வெளிப்பட்டு, 1993இல் மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பெண்டெக்டினில் இருந்த அதே மருந்துகள் 2013இல் வேறு பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்தன. ஒருமுறை சரியாக மணி அடித்தவர் மறுமுறையும் சரியாகத்தான் அடிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தாலிடோமைட் தந்த பயத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டத்தில் சேர்க்கக்கூடாது என்று 1977இல் அமெரிக்க அரசு அலுவலகம் வழிகாட்டியது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். பெண்களைக் காக்கச் செய்த ஏற்பாடு, பெண்களின் உடலைப் பற்றிய அறிவையே பின்தள்ளிவிட்டது என்பது என் எண்ணம். புளுவாக்செட்டின், அதாவது 'புரோசாக்', 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அதைப் போன்ற புதிய வகை மருந்துகள் உலகெங்கும் பரவியபோது, கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு மருத்துவர்களிடம் அதிகம் இல்லை.

பதில்கள் மெல்ல மெல்லத்தான் வந்தன. 2005இல் பராக்செட்டின் என்ற மருந்தைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சாப்பிட்டால் குழந்தையின் இருதயத்தில் குறை வரக்கூடும் என்று அமெரிக்க அரசு எச்சரித்தது. 2006இல் வந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 201 பெண்களைக் கர்ப்ப காலம் முழுவதும் கவனித்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 பேருக்குத்தான் திரும்பியது. அதுவரை எல்லாரும் 'மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும்' என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'நிறுத்தினால் என்ன ஆகும்' என்பதும் ஒரு கேள்வி என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இந்தப் பெண்கள் முன்பு கடுமையான நோயால் துன்புற்றவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இலேசான சோர்வு உள்ளவர்களுக்கு இதே கணக்குப் பொருந்தாது. அவர்களில் பலர் மாத்திரை இல்லாமல், பேசி ஆற்றும் சிகிச்சையாலேயே தேறுவதுண்டு.

இருதயக் குறை பற்றிய ஐயம் என்ன ஆயிற்று? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களையும் லயத்து வீடுகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு, "ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கே நோய் அதிகம், ஆகவே ஆஸ்பத்திரிதான் நோயைத் தருகிறது" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம் அல்லவா? மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் பெண்களும் அப்படித்தான். அவர்களுக்கு நோய் இருக்கிறது, சிலர் புகைக்கிறார்கள், சிலருக்கு நீரிழிவும் உடல் பருமனும் உண்டு. இவற்றால் வரும் கேட்டையும் மாத்திரையின் தலையில் சுமத்திவிடக்கூடாது. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 9,49,504 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டு, நோயாளியோடு நோயாளியை ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்துகளால் இருதயக் குறை பெரிதாகக் கூடவில்லை என்று கண்டது.

அதற்காகக் கெடுதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இம்மருந்துகளைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் மூன்று பேர் அளவில், பிறந்த சில நாள்கள் நடுக்கம், எரிச்சல், பால் குடிப்பதில் தொல்லை ஆகியவற்றால் அவதிப்படுவார்கள். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விரியாமல் மூச்சுத் திணறும் நோய், ஆயிரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு வருவது மூன்றாகக் கூடலாம். பராக்செட்டினைக் கர்ப்பிணிகளுக்குப் புதிதாகக் கொடுப்பதை மருத்துவர்கள் இன்றும் இயன்றவரை தவிர்க்கிறார்கள். இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு மருந்து வால்புரோயேட். அது மனச்சோர்வு மருந்து அன்று. வலிப்புக்கும், மனம் மாறி மாறி எழுந்து விழும் நோய்க்கும் தருவது. அது உண்மையிலேயே கருவைத் தாக்கும். பத்தில் ஒரு குழந்தைக்கு உடற்குறை வருகிறது. பல குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. அதைச் சாப்பிடும் பெண், பிள்ளைக்கு ஆசைப்படும்போதே மருத்துவரிடம் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும். அதையும் தானாக நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

தாய்க்கு நேர்வதை நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் பெரட்டுக்கு எழுந்து வரமுடியாதவளைச் சோம்பேறி என்றார்கள். வெறித்து உட்கார்ந்திருந்தவளைக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். மனச்சோர்வு முற்றியவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கிளினிக்குக்குப் போவதில்லை. பிள்ளை மாதம் நிறையாமல் பிறக்கிறது; எடை குறைந்து பிறக்கிறது. சிலர் உயிரையே விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1997 முதல் 1999 வரை நிகழ்ந்த தாய்மார் மரணங்களை ஆராய்ந்தபோது, பிரசவத்துக்குப் பிந்திய ஓராண்டையும் சேர்த்துப் பார்த்தால், தற்கொலையே முதன்மையான காரணமாக இருந்தது. இரத்தப்போக்குக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அவ்வளவு ஏற்பாடு செய்திருந்த நாட்டில் இந்த நிலை!

1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். பிள்ளை பெற்ற தாய் கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் தன்னையே நொந்துகொண்டாளா, தூக்கம் கெட்டதா, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்றெல்லாம் அது கேட்கிறது. இப்போது கர்ப்பிணிகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மலாயிலும் தமிழிலும் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. பத்தாவது கேள்வி அந்தக் கடைசி எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று சொல்ல நேர்ந்தால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்கிற தாதி உங்களை எங்கும் அனுப்பிவைப்பதற்காகக் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயர் எழுதிய உறையோடு, முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, வேறொன்றுக்கு மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்பதை மருத்துவர் உங்களோடு பேசி முடிவு செய்வார். நிறுத்துவதானாலும் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்கள். உடன் இருக்கும் மாமியாரும் கணவரும் அந்தப் பேச்சின்போது பக்கத்தில் இருந்தால் நல்லது. வீட்டில் வந்து அவளுக்காக வாதாட இன்னொருவர் கிடைப்பார்.

பிள்ளை பிறந்த பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். செர்ட்ரலின் போன்ற சில மருந்துகள் மிகக் குறைந்த அளவே பாலில் கலக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள்; ஆகவே மாத்திரைக்காகப் பாலை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. தாய்ப்பாலைப் பற்றி இன்னும் பேசப்போனால் மாவு டின்கள் நம் லயங்களுக்குள் நுழைந்த கதையையும் சொல்லியாக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும்.