பாரீஸ் பயணமும் அசிஞ்ஞாவும்

விமான பாயிண்டுகளைச் சேர்த்துவைத்துப் பாரீசுக்குப் போய்வரத் திட்டமிடும் நண்பர்களுக்கு ஒரு பழங்கதை.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்ட நிலங்களை ஈடாகக் காட்டி 'அசிஞ்ஞா' என்ற பத்திரத்தை வெளியிட்டது. (பிரெஞ்சுப் பள்ளியில் எங்களைப் பாடாய்ப் படுத்திய பாடம்!) முதலில் வட்டிகூடத் தந்தார்கள். பிறகு பணமுடை வந்தபோதெல்லாம் அச்சடித்துத் தள்ளினார்கள். மதிப்பு அடியோடு சரிந்தது. கடைசியில் 1796-இல் அதன் அச்சுத் தகடுகளையும் கருவிகளையும் பாரீசின் வாந்தோம் சதுக்கத்தில் கூட்டத்தின் முன்னால் உடைத்து எரித்தார்கள். சேர்த்து வைத்தவன் கையில் வெறும் காகிதம்.

விமான பாயிண்டை 1981-இல் பெரிய அளவில் தொடங்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அன்று பறந்த தூரத்துக்குக் கணக்கு. இன்று பல கம்பெனிகளில் கொடுத்த பணத்துக்குத்தான் பாயிண்ட். ஏர் பிரான்சிலும் 2018 முதல் அப்படியே. ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை பாயிண்ட் என்பதும் அவர்கள் வைத்ததுதான் சட்டம். வரியைக் கையிலிருந்து கட்டவேண்டும்.

ஆகவே பேரன் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று பூட்டிவைக்க வேண்டாம். கோடை விடுமுறைக் கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்து டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். வாந்தோம் சதுக்கத்தையும் ஒரு நடை பார்த்து வாருங்கள். இப்போது அங்கே சுற்றிலும் வைர நகைக்கடைகள்.