பெயர் மட்டும் கண்ணாடி

அப்போது என் காருக்கு வயது பதினொன்று. அதன் ஹெட்லைட்டுகள் இரண்டும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை; ஓடிய தூரமும் ஒன்றுதான். ஆனாலும் டிரைவர் பக்கத்து விளக்கு பழைய நெய் நிறத்தில் மங்கிக் கிடந்தது. இடது பக்கத்து விளக்கிலோ உள்ளே இருக்கும் பல்பு பளிச்சென்று தெரிந்தது. காரணம், எங்கள் குடியிருப்பின் மோட்டார் ரூம். வண்டி மேற்குப் பார்த்து நிற்கும். மதியம் திரும்பினால் மோட்டார் ரூமின் நிழல் இடது விளக்கின்மேல் விழும். வலது விளக்கு பொழுது சாயும்வரை வெயிலில் காயும். பதினொரு வருட நிழல் ஒரு விளக்கைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எனக்குப் புரியவே ஒரு வருடம் பிடித்தது. அதுவரை அதை அழுக்கு என்றுதான் நினைத்தேன்.

‘ஹெட்லைட் கண்ணாடி’ என்று எல்லோரும் சொல்கிறோம். கடைக்காரரும் சொல்கிறார், மெக்கானிக்கும் சொல்கிறார். அது கண்ணாடி அல்ல. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன் கதை 1953இல் தொடங்குகிறது. ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ் என்ற இருவர், ஒருவரையொருவர் அறியாமலே அதே ஆண்டில் இந்தப் பொருளை உருவாக்கினார்கள். பேயர் அதை மாக்ரோலான் என்று விற்றது, ஜெனரல் எலெக்ட்ரிக் லெக்ஸான் என்று விற்றது. பின்னாளில் நாம் பாட்டுக் கேட்ட சி.டி. தட்டும், இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் ஒரு வகையும் இதே பொருள்தான். சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று சிதறாது. எடையோ கண்ணாடியில் பாதிதான்.

அப்படியும் காரின் முகத்துக்கு வர அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 1940 முதல் சீல்டு பீம் விளக்குதான் சட்டம்: பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒன்றாக மூடப்பட்ட விளக்கு. எந்தக் கார் வாங்கினாலும் கண் குறிப்பிட்ட சில வடிவங்களில்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சாய்ந்த முகம் வேண்டும், பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்ற காலம் வந்தபோது, 1983இல் விதி தளர்ந்தது. 1984ஆம் ஆண்டு மாடலான லிங்கன் மார்க் 7, பல்பை மட்டும் கழற்றி மாற்றும் பிளாஸ்டிக் முக விளக்கோடு அங்கே சாலைக்கு வந்தது. அதன்பின் விளக்கு எந்த வடிவத்திலும் வளையலாம் என்றானது.

நம் ஊரில் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அந்த விளக்கில் கல் பட்டால் உடையும். ஆனால் மங்காது. உள்ளே ரிஃப்ளெக்டர் கருத்துப் போனாலும் முன்னால் இருப்பது கடைசிவரை கண்ணாடியாகவே இருக்கும். உடையாத ஒன்றை நாம் வாங்கினோம். அதற்குக் கொடுத்த விலை, மங்காத ஒன்று.

என் வலது விளக்கும் ஒரு காலத்தில் அரிசி மணி போன்ற குருணைதான். பாலிகார்பனேட் ஈரத்தை இழுக்கும் என்பதால் முதலில் அதை மணிக்கணக்கில் உலர்த்துவார்கள். பிறகு ஏறத்தாழ 300 டிகிரி சூட்டில் உருக்கி அச்சுக்குள் செலுத்துவார்கள். வெளியே வரும்போது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அப்படியே வெயிலுக்கு அனுப்ப முடியாது. பாலிகார்பனேட் அடி தாங்கும். கீறல் தாங்காது, புற ஊதாக் கதிரும் தாங்காது. அதனால் அதற்கு மேலே ஒரு கடினப் பூச்சு போடுவார்கள். தடிமன் பத்து மைக்ரான் அளவு. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இப்படிப்பட்ட பூச்சுகளில் பலவற்றை உறைய வைப்பதே புற ஊதா ஒளிதான். எந்த ஒளி அதை இறுக்கியதோ அதே ஒளிதான் பின்னால் அதைத் தின்னவும் செய்கிறது.

விளக்குக்குப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்க அமெரிக்க விதிகள் ஒரு சோதனை வைத்திருக்கின்றன. மாதிரித் துண்டுகளை ஃபுளோரிடாவின் ஈரத்திலும் அரிசோனாவின் வறண்ட வெயிலிலும் மூன்று ஆண்டுகள் வெளியில் போட்டு வைக்க வேண்டும். பரீட்சை மூன்று ஆண்டு. வண்டி ஓடுவது பதினைந்து ஆண்டு.

முதலில் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழும். தூசியோடு உலர்ந்த துணியால் துடைப்பது அதை இன்னும் கீறும். அங்கங்கே பூச்சு உரிந்ததும் கதிர் நேராகப் பிளாஸ்டிக்கைத் தொடும். அங்கே மூலக்கூறுகளின் பிணைப்புகள் அறுந்து, நீல ஒளியை விழுங்கும் புதிய சேர்மங்கள் உருவாகும். நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள். இது படிந்த அழுக்கு அல்ல. பொருளே மாறிவிட்டது.

அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் இப்படி மஞ்சளான விளக்குகளைச் சோதித்தது. புது விளக்கு தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் வந்தது. மிச்ச வெளிச்சத்தில் ஒரு பங்கு சிதறிப்போய் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துகிறது. நமக்குச் சாலை தெரியாது, அவருக்கும் தெரியாது. இதற்கு மருந்தாகச் சிலர் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுகிறார்கள். சட்டப்படியும் தவறு, சூடு கூடுவதால் விளக்குக்கும் கேடு, எதிரில் வருபவருக்குக் கூச்சம் இரட்டிப்பு.

நான் செய்த தவறு வேறு. ஓர் ஆடி மாதத்தில் வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டேன். பையன் காம்பவுண்ட் தடவி மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டினான். விளக்கு புதிதுபோல் மின்னியது. தீபாவளிக்குள் முன்பைவிட மோசமாக மஞ்சளானது. வீட்டில் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதும் இதே கதைதான். தேய்ப்பதெல்லாம் மேல்தோலைக் கொஞ்சம் அரைத்து எடுப்பது. மிஞ்சியிருந்த பூச்சும் அதோடு போய்விடும். அடுத்த வெயில் நேராக உடம்பில் இறங்கும். தின்னர் ஊற்றித் துடைப்பது இன்னும் கெடுதல். பாலிகார்பனேட்டில் அது சிலந்தி வலை போல விரிசல் விடச் செய்யும்.

டிங்கரிங் கடைப் பெயின்டர் ஒருவர்தான் சரியான வழியைச் சொன்னார். “பழைய தோல முழுசா உரிக்கணும் சார். பாதி உரிச்சா புதுசு ஒட்டாது.” முதலில் விளக்கின் மேல் தண்ணீரைத் தெளித்தார். ஈரத்தில் விளக்கு ஓரளவு தெளிந்தது. வெளிப்பக்கம்தான் கோளாறு என்பதற்கு அதுதான் அடையாளமாம். நனைந்தும் தெளியாவிட்டால் உள்ளே ஆவி படிந்திருக்கலாம், வெளியே தேய்த்துப் பயனில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் தேய்க்கச் சொன்னார். கஞ்சித் தண்ணீர் போல மஞ்சளாக வழிந்தது. “வெள்ளையா வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்றார். பிறகு 1500, அதற்குப் பிறகு 2000. முடித்தபோது விளக்கு குளியலறை ஜன்னல் போல முழுக்கப் புகைமூட்டமாக நின்றது. எனக்குப் பயம் வந்தது. அவர் முகக்கவசம் கட்டிக்கொண்டு, துடைத்துக் காயவிட்ட விளக்கின் மேல் இரண்டு கை கிளியர் கோட்டிங் அடித்தார். ஸ்ப்ரே பட்ட இடமெல்லாம் புகை கலைந்து உள்ளே ரிஃப்ளெக்டர் எழுந்து வந்தது.

அந்தக் கோட்டிங்தான் வைத்தியம். தேய்ப்பது அதற்கு முன்னேற்பாடு மட்டுமே. அதையும் புது விளக்குக்கு ஈடென்று சொல்ல முடியாது. ஏ.ஏ.ஏ. சோதனையில் புதுப்பித்த விளக்குகள் எட்டியது 70 சதவீதம் வரைதான். கம்பெனி அசல் விளக்கை மாட்டினால்தான் முழு வெளிச்சம். ஆனால் இருபதிலிருந்து எழுபது என்பது ராத்திரி சாலையில் சின்ன வித்தியாசம் அல்ல.

இரண்டு வருடம் அந்த விளக்கு தெளிவாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் சிக்னலில், பின்னால் வந்த ஆட்டோ முன்னே ஏறி, ரிவர்ஸ் எடுத்ததில் அதன் மூலை உடைந்தது. பசை போட்டு ஒட்டியிருப்பதால் முகத்தை மட்டும் கழற்றுவது சூடேற்றிச் செய்யும் வேலை. அதனால் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், அதே மாடலின் பழைய அசெம்பிளி ஒன்றைத் தேடி மாட்டினேன். வாங்கும் முன் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விரிசல் எதுவும் இல்லை.

கழற்றிய விளக்கு காயலான் கடைக்குப் போனது. அதற்கு முன் உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். மேலே இரண்டு வருடக் கோட்டிங்; உடைந்த ஓரத்திலோ மூன்று மில்லிமீட்டர் ஆழமும், அச்சிலிருந்து வந்த நாளில் இருந்தது போலவே, பச்சைத் தண்ணீராகத் தெளிந்திருந்தது. மஞ்சள் அதற்குள் போகவே இல்லை. கெடுவது மேல்தோல் மட்டும்.

ஆகவே உங்கள் விளக்கு மஞ்சளாக இருந்தால் முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பாலிஷ் போடுகிறேன் என்று சொல்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “மேலே கோட்டிங் அடிப்பீங்களா?” இல்லை என்றால் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள். வீட்டில் நிறுத்தும்போது விளக்கின் முகம் சுவரைப் பார்க்கட்டும்.